சந்தனம் வைத்த கைத்துப்பாக்கி

1

ஊரிலிருந்து பேசும் நண்பர்கள் சிரித்துக்கொண்டே கேட்பார்கள்: "அங்க ஆளுக்கு ஒரு துப்பாக்கி வெச்சிருப்பாங்களாமே, நீயும் வெச்சிருக்கிறியா?" இல்லை என்றே சொல்லிவந்தேன். அது பொய். ஆறு மாதமாக எங்களிடம் ஒன்று இருக்கிறது. வாங்கியவள் என் மனைவி தேன்மொழி. துடைத்து எண்ணெய் போட்டு வைத்தவன் நான். சென்ற மாதம் ஆயுத பூஜையன்று நான் செய்த ஒரு காரியத்தால் அவள் உயிர் போயிருக்கலாம். போகவில்லை. இருந்தாலும் அதை எழுதிவிடாமல் என்னால் வேறு எதையும் எழுத முடியாது போலிருக்கிறது.

நான் ஏரியூர்ப் பக்கத்து ஆள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆளும் நான்தான். தேன்மொழி பொம்மிடிக்காரி, நர்ஸ். அவளுடைய வேலைக்காகத்தான் இந்த நாடு கதவைத் திறந்தது. கூடவே ஒட்டிக்கொண்டு நானும் உள்ளே வந்தேன். "பொண்டாட்டி சீலையப் புடிச்சிக்கிட்டே பிளேன் ஏறுனவன்" என்று என் பெரியப்பா மகன் கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிப்பானாம். சொல்லட்டும். அதில் பொய் ஒன்றும் இல்லை.

டெக்சாஸில் நடுத்தரமான ஓர் ஊர். அவளுக்குப் பெரிய மருத்துவமனையில் வேலை, காலை ஏழிலிருந்து மாலை ஏழரை வரை. எனக்கு வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு மளிகைக் கடையில் கல்லா. மகள் யாழினிக்கு ஆறு வயது. கார் ஒன்றுதான். அவள் வேலைக்குப் போகும் நாட்களில் அது அவளோடு போய்விடும்.

2

கோடை தொடங்குவதற்கு முன் அவள் வார்டில் ஒரு முதியவர் இறந்துபோனார். அவருடைய மகனுக்கு நாற்பது வயது இருக்கும், நல்ல உயரம். "நான் மணி அடித்தேன், நீ வரவில்லை" என்று இவளைப் பார்த்துக் கத்தினான். அந்த நேரத்தில் இவள் வேறோர் அறையில் வேறோர் உயிருக்காகப் போராடிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்கும் நிலையில் அவன் இல்லை.

ஒரு வாரம் கழித்து ஊழியர்கள் காரை நிறுத்தும் இடத்தில், இவளுடைய காரின் பக்கத்தில் நின்றிருந்தான். "உன் காரை எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அடுத்த வாரமும் நின்றான். அதற்கடுத்தும்.

போலீஸுக்குப் போனோம். படிவத்தில் "என்ன மிரட்டல் விடுத்தார்" என்று ஒரு கட்டம். அவன் சொன்னதை அப்படியே எழுதினேன். அதிகாரி படித்துப் பார்த்தார். "உங்கள் காரைத் தெரியும் என்று சொல்வது மிரட்டலா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். அவன் சொன்ன தொனியை எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை. என் ஆங்கிலத்திலும் இல்லை. "அவன் வாராவாரம் வந்து நிற்கிறான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். நிற்பது குற்றமில்லை என்றார்.

அடுத்த கட்டம், அவன் பெயர். தேன்மொழிக்குப் பெயர் தெரியும். ஆனால் நோயாளியின் குடும்ப விவரத்தை வெளியே சொன்னால் அவள் வேலை போகும், உரிமமும் போகலாம். மருத்துவமனையைக் கேட்டால் சட்டப்பிரிவைக் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு காவலாளியைத் துணைக்கு அனுப்பினார்கள். ஒரு வாரம் வந்தார். பிறகு மூன்று கட்டடத்துக்கு ஒரே ஆள் என்று நின்றுவிட்டது.

"நான் வந்து கூட நடக்கிறேன்" என்றேன்.

"பாப்பாவ எங்க வுடுவீங்க?"

"கூட்டிட்டு வர்றேன்."

"வேணாங்க. இப்ப அவனுக்கு என்னைத்தான் தெரியும். பாப்பா மூஞ்சி அவனுக்குத் தெரியவே கூடாது."

அந்த மாதமே அவள் ரிவால்வர் வாங்கினாள். நிரந்தரக் குடியிருப்பு அட்டை இருந்ததால் சட்டத்தில் தடையில்லை. மருத்துவமனைக்குள் கொண்டுபோகக் கூடாது. காருக்குள் பூட்டுப் பெட்டியில் இருக்கலாம்.

3

பார்த்தால் பொம்மை என்றே நினைப்பீர்கள். அலுமினியச் சட்டம், அரைக் கிலோ எடைகூட இல்லை. குழல் இரண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. சக்கரத்தில் ஐந்து தோட்டா. கனமில்லாத துப்பாக்கி என்றால் நல்லதுதானே என்று நினைத்தோம். கனம் இல்லையென்றால் அந்த அடியை யார் வாங்குவது? கைதான் வாங்க வேண்டும்.

கடையில் வேகமான தோட்டாவைத் தலையில் கட்டினார்கள். சுடுதளத்தில் முதல் நாள் நாலு குண்டு சுட்டதும் தேன்மொழியின் மணிக்கட்டு வீங்கிவிட்டது. மறுநாள் நரம்பு தேடி ஊசி போடும்போது கை நடுங்கியதாம். சுடுதளத்தைப் பார்த்துக்கொள்ளும் கார்லா என்ற பெண், எங்கள் வயதுதான் இருக்கும், அன்றே மிச்சமிருந்த ஐந்தாவது தோட்டாவை எடுத்துப் புதுத் தோட்டா ஒன்றின் பக்கத்தில் நிறுத்தினாள். சுடாத அந்தக் குண்டு தன் ஓட்டிலிருந்து நெல்மணி அளவு வெளியே வந்திருந்தது. ஒவ்வொரு அடிக்கும் துப்பாக்கி வெடுக்கென்று பின்னால் போகிறது; குண்டு இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. இன்னும் கொஞ்சம் வெளியே வந்தால் சக்கரத்துக்கு முன்னால் முட்டிக்கொள்ளும், அப்புறம் சக்கரம் சுற்றாது என்றாள்.

"பெட்டியில் போட்டிருக்கும் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். ஐந்தையும் வலியில்லாமல் ஒரே இடத்தில் இவள் எதால் சுடுகிறாளோ அதை வாங்குங்கள்."

நாலு வகை முயன்றோம். முன்பக்கம் தட்டையாக இருக்கும் மெதுவான தோட்டா ஒன்று சரிப்பட்டது. கிண்ணம் போல் குழிந்த முனை உள்ளவை இவ்வளவு குட்டைக் குழலிலிருந்து போனால் பட்ட இடத்தில் பல நேரம் விரிவதே இல்லை என்றும் கார்லா சொன்னாள். எது விரிந்தால் யாருக்கு என்ன ஆகும் என்பதை நாங்கள் இருவரும் கேட்கவில்லை.

சுத்தம் செய்வது என் பொறுப்பானது. நான் எழுத்தை நம்புகிறவன். கையேட்டை எட்டுத் தடவை படித்தேன், அடிக்கோடு போட்டேன். தோட்டாவை எடுத்து, ஐந்து என்று எண்ணி, டப்பாவில் போட்டு வேறு அறையில் வைப்பேன். திரும்பி வந்து ஐந்து துளையிலும் சுண்டுவிரலை விட்டுப் பார்ப்பேன். ஒரு தடவை பார்த்தால் மனம் ஆறாது, இரண்டாவது தடவையும் விடுவேன். குழலுக்குத் தூரிகை, மூலைகளுக்குப் பழைய பல் தேய்க்கும் பிரஷ். எண்ணெய் ஒரு துளிக்கு மேல் கூடாது. கூடினால் அது வழிந்து தோட்டாவின் பின்பக்க மருந்தில் இறங்கி அதை ஊமையாக்கிவிடும். காலி ஓடுகளைத் தள்ளும்போது குழல் வானத்தைப் பார்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் எரியாத மருந்துத் துகள், ஓடுகளை வெளியே தள்ளுகிற நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் விழுந்துவிடும். அந்தத் தகட்டுக்கும் அதன் பின்னால் இருக்கும் சட்டத்துக்கும் இடையே தலைமுடி அளவுதான் இடைவெளி. ஒரு துகள் தகட்டைத் தூக்கினால் போதும், எல்லாம் இறுகிவிடும்.

இத்தனையும் எனக்கு மனப்பாடம். இவ்வளவும் தெரிந்தபிறகுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

4

எங்கள் அப்பாவிடமும் ஒரு துப்பாக்கி இருந்தது. கருமருந்து இடித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கி, உரிமம் கிடையாது. காட்டை ஒட்டிய கடலைக் காடு எங்களுடையது. பன்றி இறங்கினால் ஒரே இரவில் அரை ஏக்கர் கிண்டிவிட்டுப் போகும். உரச் சாக்கில் சுற்றி மாட்டுக் கொட்டகைக் கூரையில் செருகியிருப்பார்.

நான் பத்தாவது படிக்கும்போது ரேஷன் கடைச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். அப்பா என்னைக் கூட்டிப்போய் அதன் முன் நிறுத்தினார்.

"என்ன போட்டிருக்குது, படி."

"நாட்டுத் துப்பாக்கி வெச்சிருக்கிறவங்க தாங்களா வந்து ஒப்படைச்சா வழக்கு கெடையாதுன்னு போட்டிருக்குதுப்பா."

"நெசமாலுமே அப்படித்தான் போட்டிருக்குதா? இன்னொருக்கா படி."

மூன்று தடவை படித்தேன். அவருக்கு எழுத்து தெரியாது. என்னை நம்பினார். மறுநாள் சாக்கோடு தூக்கிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். காலையில் போனவர் பொழுது சாயும்வரை வரவில்லை. நான் அந்தச் சுவருக்கு முன்னாலேயே நின்று ஒவ்வொரு எழுத்தாகத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். "கிடையாது" என்றுதானே இருக்கிறது? "கிடைக்கும்" இல்லையே? அவர் திரும்பி வந்ததும் சோறு கேட்டார். அங்கே என்ன கேட்டார்கள் என்று இன்றுவரை சொன்னதில்லை.

இங்கே துப்பாக்கி வாங்கியபிறகு ஒருநாள் அவரோடு வீடியோவில் பேசும்போது வாய் தவறி ரிவால்வர் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். "நீ படிச்சுக் காட்டித்தான சாமி நான் கொண்டுபோயிக் குடுத்தேன்? நீ எதுக்கு அந்தக் கருமத்த வூட்டுக்குள்ள வெச்சிருக்கற?" என்றார். சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

5

அவர் அந்தத் துப்பாக்கி வைத்திருந்த காலத்தில் ஆயுத பூஜையன்று கலப்பை, மண்வெட்டி, அரிவாள் எல்லாம் வெளியே வரிசையாக இருக்கும். துப்பாக்கிக்கு மட்டும் கொட்டகைக்குள் ரகசியமாகப் பூஜை. குழலிலும் கட்டையிலும் சந்தனம் அப்பி, குங்குமம் வைப்பார். அது ஒரு இரும்புக் குழாய், எதைப் பூசினாலும் தாங்கும். பார்த்து வளர்ந்த எனக்கு, ஆயுதம் என்றால் அன்றைக்குச் சந்தனம் இல்லாமல் இருக்கக் கூடாது.

சென்ற மாதம் இங்கே ஒரு பலகையில் துணி விரித்தோம். ஸ்டெதஸ்கோப், லேப்டாப், கார் சாவி, கடையில் அட்டைப்பெட்டி கிழிக்கும் என் கத்தி, யாழினியின் கலர் பென்சில். கடைசியில் தோட்டாக்களை எடுத்துவிட்டு ரிவால்வரையும் வைத்தேன்.

யாழினி அறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"வாடா கண்ணு, சாமி கும்பிடலாம்."

"நோ. அது கன்."

"அதுல தோட்டா இல்லடா."

"கன் பாத்தா தொடக்கூடாது, பெரியவங்ககிட்டச் சொல்லணும்னு எங்க மிஸ் சொன்னாங்க. நான் உன்கிட்டதான சொல்றேன்? நீ ஒண்ணுமே பண்ண மாட்டேங்கற!"

தேன்மொழி அவளைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். நான் தனியாகப் பூஜையை முடித்தேன். சக்கரத்தை வெளியே சாய்த்து வைத்திருந்தேன். நடுவில் அந்த நட்சத்திரத் தகடு ஐந்து இதழ்ப் பூ மாதிரி இருந்தது. விரல் தானாக அங்கே போனது. தேன்மொழியைக் காப்பாற்று என்று வேண்டிக்கொண்டு, நன்றாகக் குழைத்த சந்தனத்தை அந்தப் பூவின் நடுவில் வைத்தேன். மேலே குங்குமம்.

மறுநாள் ஈரத்துணியால் துடைத்தேன். பளிச்சென்று ஆகிவிட்டது. பூஜைப் பொருளைப் பல் பிரஷால் தேய்க்க மனம் வரவில்லை. தோட்டாவைப் போட்டு அவளுடைய பெட்டியில் வைத்தேன். ஈரத்தில் கரைந்த சந்தனம் தகட்டுக்கு அடியில் இறங்கிக் காய்ந்துவிடும் என்று அந்தக் கையேட்டை எட்டுத் தடவை படித்தவனுக்குத் தோன்றவில்லை.

6

அடுத்த புதன்கிழமை தேன்மொழி வீட்டுக்குள் நுழைந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது.

"இன்னைக்கு அவன் நின்னான். நான் ஓடலீங்க."

"என்ன ஆச்சு?"

"நடந்தே போயி வண்டியத் தெறந்து உக்காந்தேன். பொட்டியத் தெறந்து அத மடியில வெச்சிக்கிட்டேன். அவன் வந்து கண்ணாடியத் தட்டுனான். நான் அவன் கண்ணையே பாத்தேன். அவன்தான் போயிட்டான்."

அன்று அவள் இரண்டு தட்டு சாப்பிட்டாள். மாதக்கணக்கில் முதல் தடவையாகப் படுத்ததும் தூங்கினாள். எனக்கும் பெருமையாக இருந்தது.

7

சனிக்கிழமை அவளுக்கு வேலை. அன்று மட்டும் தோழியோடு போனாள். நான் யாழினியைப் பள்ளித் தோழி ஒருத்தியின் பிறந்தநாளில் விட்டுவிட்டு, மாதாமாதம் செய்வது போல ரிவால்வரைச் சோதிக்கச் சுடுதளத்துக்குப் போனேன்.

முதல் குண்டு போனது. இரண்டாவது போனது. மூன்றாவதுக்கு விசையை இழுத்தேன், வரவில்லை. பாதியில் நின்றுவிட்டது. இரண்டு விரலால் இழுத்தேன். சுவர் மாதிரி நின்றது. குழலை எதிர்ப்பக்கம் பார்த்தபடி அசையாமல் பிடித்துக்கொண்டு கார்லாவைக் கூப்பிட்டேன். கையைத் தூக்கினேன்.

அவள் வந்து வாங்கி, உள்ளங்கையால் தட்டித் தட்டிச் சக்கரத்தைத் திறந்தாள். தோட்டாக்களைக் கீழே போட்டாள். நட்சத்திரத் தகட்டைத் தூக்கி, அடியிலிருந்து எதையோ நகத்தால் சுரண்டினாள். மஞ்சளாக உதிர்ந்தது. அதோடு கருப்பு மருந்துத் துகளும் ஒட்டிப் பிசின் மாதிரி இருந்தது. மூக்கருகே கொண்டுபோனாள்.

"இது என்ன? வாசனையாக இருக்கிறதே?"

சொன்னேன். பண்டிகை, கடவுள், கருவிகளுக்கு மரியாதை என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எத்தனை நாளாக இப்படி இருக்கிறது?"

மனதுக்குள் நாட்களை எண்ணினேன். நடுவில் புதன்கிழமை வந்தது. அங்கே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

8

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். சொன்னால் அவளுக்குக் கிடைத்த அந்தத் தூக்கம் போய்விடும். துப்பாக்கிதான் சுத்தமாகிவிட்டதே, ஐம்பது குண்டு சுட்டும் பார்த்தாயிற்றே என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். ஆனால் அவள் இனிமேல் ஒவ்வொரு நாளும் என்னை நம்பித்தான் அந்தப் பெட்டியைத் திறப்பாள். என் வாசிப்பை நம்பி யாராவது நடக்கும்போது நான் மறுபடியும் அந்த ரேஷன் கடைச் சுவருக்கு முன்னால் போய் நின்றுவிடுகிறேன்.

ஞாயிறு காலை அவள் உப்புமாவுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

கத்தியைக் கீழே வைத்தாள். கோபம் வந்தாலும் "ங்க" போகாது அவளுக்கு. அதுதான் இன்னும் பயமாக இருக்கும்.

"உங்களுக்கு அறிவுன்னு ஒண்ணு இருக்குதுங்களா? எட்டு தடவ புக்கு படிச்சீங்களே, எந்தப் பக்கத்துலங்க பொட்டு வெக்கச் சொல்லிப் போட்டிருந்தான்?"

வெங்காயப் பலகையை ஓரமாக நகர்த்தினாள்.

"எத்தன குண்டு சுட்டுச்சுன்னு சொன்னீங்க?"

"ரெண்டு. மூணாவதுக்கு நின்னுபோச்சு."

"ரெண்டு சுடும்."

"சுட்டிருக்கும்."

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். வெங்காயத்தால் வந்த கண்ணீரா என்று தெரியவில்லை, துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"அன்னைக்கு நான் முழுசாச் சொல்லலீங்க. அவன் கண்ணாடியத் தட்டுனப்ப என் வெரல் விசை மேல போயிருச்சு. நான் வெக்கல, அதுவாப் போச்சு. பாதி இழுத்துட்டேன். அப்பத்தான் அவன் கையப் பாத்தேன். எங்க வார்டுல எறந்துபோனவங்க சாமானப் போட்டுக் குடுப்போமே, அந்தப் பிளாஸ்டிக் பை. அதத் தூக்கிக் காட்டிக்கிட்டு என்னமோ சொன்னான். காதுல வுழுகல. நான் மொறச்சதும் போயிட்டான்."

"என்ன கேட்டிருப்பான்?"

"தெரியலீங்க. அவங்கப்பா மூக்குக்கண்ணாடியக் காணோம்னு கேட்டிருப்பானோ, இல்ல மெரட்டத்தான் வந்தானோ. எனக்கு எப்பவுமே தெரியப் போறதில்ல." பிறகு சொன்னாள்: "உங்க சந்தனம் மூணாவதத்தானுங்க நிறுத்தியிருக்கும். ரெண்டு போதுங்களே."

இந்த ஆறு மாதமும் அது சுடாமல் போய்விடுமோ என்று ஒரு பயம்தான் எனக்கு இருந்தது. அதற்காகத்தான் அத்தனை பிரஷ், அத்தனை எண்ணெய், நாலு வகைத் தோட்டா. நன்றாகச் சுட்டுவிட்டால் என்ன ஆகும் என்று அந்தச் சமையலறையில்தான் முதன்முதலாக யோசித்தேன். ஒரு பிளாஸ்டிக் பையோடு ஒருவன் கண்ணாடிக்கு வெளியே விழுவதும், என் மகளின் அம்மா கைவிலங்கோடு நிற்பதும் ஒரே படமாகத் தெரிந்தது. அடுப்பில் ரவை கருகும் வாசனை வந்தபிறகுதான் இருவரும் எழுந்தோம்.

9

ரிவால்வர் இப்போது காரில் இல்லை. வீட்டில் இரும்புப் பெட்டியில், தோட்டா இல்லாமல் இருக்கிறது. விற்றுவிடலாம் என்கிறேன். அவள் சரி என்றும் சொல்வதில்லை, வேண்டாம் என்றும் சொல்வதில்லை. இப்போதெல்லாம் அவளே எடுத்து அவளே துடைக்கிறாள். என்னைத் தொட விடுவதில்லை.

மேல்மாடியில் இருக்கும் ரோசா என்ற மெக்சிகோ அம்மாவிடம் முதல் தடவையாக முழு விஷயத்தையும் சொன்னோம். பக்கத்து வீட்டாரிடம் வீட்டுக் கதையைச் சொல்ல வெட்கப்பட்டு இத்தனை நாள் சும்மா இருந்திருக்கிறோம். "இதை முதலிலேயே சொல்வதற்கு என்ன?" என்று திட்டிவிட்டு, மாலையில் யாழினியைத் தன் வீட்டில் வைத்துக்கொள்கிறாள். நான் இரண்டு பஸ் மாறி ஏழேகால் மணிக்கு மருத்துவமனையின் ஊழியர் வாசலில் நிற்கிறேன். அங்கிருந்து கார் வரை இருநூறு அடி இருக்கும். இருவரும் சேர்ந்து நடக்கிறோம். அவனை அதற்குப்பிறகு பார்க்கவில்லை. ஊரை விட்டுப் போயிருக்கலாம், கேட்க வந்ததைக் கேட்காமலேயே விட்டிருக்கலாம். எங்கே நிற்கிறான் என்று தெரிந்திருந்த நாட்களே மேல் என்று சில சமயம் தோன்றுகிறது. வண்டியில் ஏறுமுன் தேன்மொழி குனிந்து பின்சீட்டுக்குக் கீழே பார்ப்பாள். நான் அதைக் கவனித்தும் கவனிக்காதது போல மறுபக்கம் ஏறிக்கொள்வேன்.

நேற்று அவளுக்கு விடுமுறை. காலையில் மூன்று பேரும் யாழினியைப் பள்ளியில் விடக் கிளம்பினோம். நல்ல வெயில். தேன்மொழி காரின் கதவுகளைத் திறந்தாள். யாழினி புத்தகப் பையைத் தரையில் வைத்துவிட்டு முழங்காலை மடக்கிக் குனிந்தாள். பின்சீட்டின் அடியை ஒரு பக்கத்திலிருந்து பார்த்தாள். சுற்றிப்போய் மறுபக்கத்திலிருந்தும் பார்த்தாள். அவளுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

எழுந்து, கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு எங்களிடம் சொன்னாள்:

"யாரும் இல்லம்மா. ஏறுங்க."